பத்தெழுத்துப் பெயர் ஒன்று, காணாமல் போன 214 பெயர்கள்

ஞாயிறு

காலை பத்து மணி வாக்கில் கோயில் பொருளாளர் கூப்பிட்டார். "தம்பி, லிஸ்ட்டு வரமாட்டுது. நேத்து ராத்திரி வரைக்கும் சரியா வந்துச்சு. இப்ப பதிவு இல்லைன்னு காட்டுது. பால்குடம் எடுக்கிற ஆளுங்க பேரு ஒண்ணையும் காணோம்." ஆடித் திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா. 2007-இல் வந்த பெயர் இது. பழைய ஆட்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது சுற்றிலும் செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களில் பாதி, தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்டன. பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலாம், கோலாலம்பூர் என்று வேலைக்குச் சிதறிவிட்டார்கள். ஆனாலும் திருவிழா என்றால் எல்லாருக்கும் தோட்டத்து மாரியம்மன் கோயில்தான். அப்படி எங்கெங்கோ இருப்பவர்கள் பதிவு செய்யத்தான் இந்த இணையத்தளம்.

அமைப்பு இவ்வளவுதான். பதிவுத் தளம் ஒரு பகிர்வு ஹோஸ்டிங்கில், அதாவது பலர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை சர்வரில் இருக்கிறது. நிரல் பிஎச்பி மொழியில், தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். கோயில் அலுவலகத்தில் ஒரு பழைய மேசைக் கணினி, அதில் பிஎச்பியை ஓட்ட எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பு. அங்கே ஓடும் இன்னொரு பிஎச்பி நிரல், தளத்தில் இருக்கும் பட்டியலை கர்ல் என்ற இணையக் கருவி வழியாக, ஜேசன் என்ற தரவு வடிவத்தில் இழுத்து, தன் தரவுத்தளத்தில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, ரசீது அச்சடிக்கும். செம்பனைக் காட்டுக்கு நடுவே திருவிழாக் கூட்டம் கூடிவிட்டால் போன் லைன் நிற்காது. அதனால்தான் உள்ளூர்ப் பிரதி. முதலில் எழுதியவர் எங்கள் தோட்டத்துப் பையன்தான். அவர் வெளிநாடு போன பிறகு, மூன்று வருடமாகப் பராமரிப்பு என் கையில்.

வெள்ளிக்கிழமைதான் நான் ஒரு மாற்றம் செய்திருந்தேன். படிவத்தில் 'தமிழில் பெயர்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ரசீதைப் பார்த்துத்தான் பூசாரி அர்ச்சனைக்குப் பெயர் படிப்பார். நம் பெயர்களைப் பிறப்புப் பத்திரத்தில் மலாய் எழுத்துக் கூட்டலில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் படிக்கையில் தடுமாறுவார். பெயரைச் சரியாகச் சொல்லவில்லையே என்று பல அம்மாக்கள் வருத்தப்பட்டார்கள். அதற்காகச் சேர்த்த கட்டம் அது. ஆகவே கோளாறு என் மாற்றத்தில்தான் இருக்கவேண்டும் என்று தொடங்கினேன்.

முதல் சந்தேகம் பாம் குறி. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் அந்த மூன்று பைட் இருந்தால், ஜேசனுக்கு முன்னால் அது வெளியே போய், வாங்கும் பக்கம் தொடரியல் பிழை என்று கைவிரிக்கும். அமைப்புக் கோப்பை நோட்பேடில் திருத்திய ஞாபகம் இருந்தது. கோப்பின் முதல் பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணாகத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

பட்டியல் முகவரியை நேரே பிரௌசரில் திறந்தேன். வெள்ளைப் பக்கம். எச்டிடிபி நிலை 200, நீளம் பூஜ்யம். அதாவது சர்வர் 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டு வெறுங்கையை நீட்டுகிறது. தரவை ஜேசனாக மாற்றும் ஜேசன் என்கோட் கட்டளை தோற்றுப்போனால் 'பொய்' என்ற மதிப்பைத் திருப்பித் தரும்; அதை எக்கோ செய்தால் ஒன்றுமே அச்சாகாது. கடைசி ஜேசன் பிழையைக் கேட்கும் வரியை அடியில் சேர்த்ததும் பதில் வந்தது: யுடிஎஃப்-8 எழுத்துகள் சிதைந்திருக்கின்றன. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறைதான் யுடிஎஃப்-8.

எந்த வரிசையில் சிதைவு? 214 பதிவையும் ஒவ்வொன்றாக என்கோட் செய்து பார்த்தேன். மூன்று மட்டும் தோற்றன. மூன்றும் தமிழ்ப் பெயர்கள். ஆனால் வெள்ளி இரவிலிருந்து இருபது பேர் தமிழில் எழுதியிருந்தார்களே, மற்ற பதினேழு எப்படித் தப்பின?

விடை பட்டியல் கோப்பில் ஒரே வரியில் இருந்தது. பெயரை சப்ஸ்டர் என்ற கட்டளை கொண்டு 32-இல் வெட்டும் வரி. 58 மில்லிமீட்டர் ரசீதுத் தாளில் ஒரு வரிக்கு 32 எழுத்துதான் கொள்ளும் என்பதால், முதலில் எழுதியவர் அங்கேயே வெட்டி அனுப்பியிருந்தார். ரோமன் எழுத்துக்கு அது பொருந்தும். சப்ஸ்டர் எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்.

உண்மையான பெயர்களை இங்கே எழுத மாட்டேன். சோதனைக்கு நான் வைத்துக்கொண்ட பெயர் சிவபாக்கியலட்சுமி. நாம் எண்ணினால் பத்து எழுத்து: சி, வ, பா, க், கி, ய, ல, ட், சு, மி. கணினி அதை 17 குறியாக எண்ணும். 'சி' என்பது சகரமும் இகரக் குறியும், 'க்' என்பது ககரமும் புள்ளியும். 17 குறி என்றால் 51 பைட். 32 பைட்டில் வெட்டினால் 'சிவபாக்கிய' வரை 30 பைட் முழுதாக வரும். அடுத்து லகரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த அரைகுறை லகரம்தான் பட்டியல் முழுவதையும் கவிழ்த்தது.

தப்பியவர்களின் கணக்கு எனக்குப் பிடித்துப்போயிற்று. பெரும்பாலோர் படிவத்து மாதிரியைப் பார்த்து, தலைப்பெழுத்து, புள்ளி, இடைவெளி என்று தொடங்கியிருந்தார்கள். புள்ளியும் இடைவெளியும் ஆளுக்கு ஒரு பைட். 32-இல் இரண்டு போனால் 30. அது மூன்றால் வகுபடும். அதனால் வெட்டு சரியாகக் குறியின் விளிம்பில் விழுந்தது. பெயர் குறைபட்டது, ஆனால் ஜேசன் உடையவில்லை. தலைப்பெழுத்துப் போடாமல் நீளமான பெயரை எழுதிய மூன்று அம்மாக்கள் ஞாயிறு காலையில் பதிவு செய்தார்கள், அத்தோடு முடிந்தது.

சப்ஸ்டருக்குப் பதிலாக எம்பி சப்ஸ்டர் போடலாம் என்று பலரும் சொல்வார்கள். ஜேசன் பிழைத்துக்கொள்ளும், ஆனால் தமிழுக்கு அது போதாது. அது குறிகளை எண்ணும். 12 குறியில் வெட்டினால் 'சிவபாக்கியலட' என்று நிற்கும். ட் போய் ட ஆகிவிட்டது. பூசாரி அதைத்தான் படிப்பார். பிஎச்பியின் இன்ட்ல் நீட்சியில் உள்ள கிராஃபீம் சப்ஸ்டர், ட்-ஐ ஒரே எழுத்தாகப் பார்க்கும். எக்ஸாம்பில் அந்த நீட்சி அணைந்திருந்தது. பிஎச்பி அமைப்புக் கோப்பில் அந்த வரியின் முன்னால் இருந்த அரைப்புள்ளியை எடுத்து, சர்வர் மென்பொருளான அப்பாச்சியை மறுபடி தொடங்கினேன்.

அதைவிட முக்கியமாக, வெட்டையே தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். பட்டியல் முழுப் பெயரைத்தான் அனுப்பவேண்டும். தாளின் அகலம் அச்சடிக்கிற பக்கத்தின் கவலை. இப்போது தமிழ் ரசீது பிரௌசர் வழியாகப் படமாகத்தான் அச்சாகிறது. நீளப் பெயர் இரண்டு வரியாக மடிந்துகொள்ளும்.

இன்னொன்றும் உறுத்தியது. இழுப்பது தோற்றால் நேற்றைய பிரதியாவது இருக்கவேண்டாமா? நிரல், இழுப்பதற்கு முன்பே டிரன்கேட் கட்டளையால் உள்ளூர் அட்டவணையைக் காலி செய்துகொண்டிருந்தது. பிறகு வெற்றுப் பதில். அதை 'பதிவு இல்லை' என்று மொழிபெயர்த்தது. திருவிழா அன்று காலையில் இது நடந்திருந்தால் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்கியது. மாற்றி எழுதினேன்: முதலில் இழு, எச்டிடிபி நிலை பார், ஜேசன் பிரிகிறதா பார், எண்ணிக்கை பொருந்துகிறதா பார், பிறகு ஒரே பரிவர்த்தனைக்குள் (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) பழையதை நீக்கிப் புதியதை எழுது. மைஎஸ்கியூஎலில் டிரன்கேட் பரிவர்த்தனையைத் தானாக முடித்துவைத்துவிடும், பின்வாங்க வழியில்லை, அதனால் டெலிட்.

பொருளாளர் பார்க்கும் திரைச் செய்திகளையும் பிரித்தேன். தளத்தோடு பேச முடியாதது வேறு, தளம் தந்த பதில் உடைந்திருப்பது வேறு, உண்மையிலேயே பதிவு இல்லாதது வேறு. மூன்றுக்கும் மூன்று தமிழ் வாக்கியம்.

திங்கள்

பட்டியல் வந்துவிட்டது என்று மகிழ்ந்த பொருளாளர், இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்த ஒன்றைக் கேட்டார். "கல்வி நிதிக்கு எழுதிக் கொடுத்த பிள்ளைங்களோட ஐசி நம்பர்ல பதினோரு எண்ணுதான் இருக்கு தம்பி. நான் கையால சைபர் போட்டுக்கிட்டு வர்றேன்."

ஐசி என்பது மலேசிய அடையாள அட்டை. அதன் எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். சிலாங்கூருக்கு 10, பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் பூஜ்யத்தில்தான் தொடங்கும். 2000 ஏப்ரலில் பிறந்த பிள்ளைக்கு 000 என்று மூன்று பூஜ்யம். பட்டியலில் அது ஒன்பது இலக்கமாகச் சுருங்கிக் கிடந்தது.

காரணம், ஜேசன் என்கோடுக்குக் கொடுத்திருந்த நியூமரிக் செக் என்ற கொடி. எண் போலத் தோன்றும் சரம் (எழுத்துத் தொடர்) எதுவானாலும் அதை எண்ணாக மாற்றிவிடும். தொகைகள் மேற்கோள் குறி இல்லாமல் வரவேண்டும் என்று போட்டிருப்பார்கள். அது ஐசி எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்தே எண்ணாக்கியது. தொலைபேசியில் பூஜ்யம் போனதை யாரோ கவனித்திருக்கிறார்கள். வாங்கும் பக்கத்தில் எண்ணுக்கு முன்னால் '0' ஒட்டும் வரி ஒன்று இருந்தது. அந்த ஒட்டு, மூலக் கோளாறை இரண்டு வருடம் மறைத்துவிட்டது.

இதே கொடி செய்த இன்னொரு வேலையை யாருமே கவனிக்கவில்லை. அடுக்குமாடி வீடு ஒன்றின் எண் 2இ5. இரண்டாம் புளோக், இ வரிசை, ஐந்தாம் வீடு. படிவத்தில் நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து. கணினிக்கு அந்த வடிவம் அறிவியல் குறியீடு: இரண்டு பெருக்கல் பத்தின் ஐந்தடுக்கு. ரசீதில் அந்தக் குடும்பத்தின் வீட்டு எண் 200000.

கொடியை எடுத்தேன். தொகையை மட்டும் தனியாக எண்ணாக மாற்றினேன். உடனே தொலைபேசி எண்கள் எல்லாம் 00-வில் தொடங்கின. அந்த ஒட்டு வரியையும் நீக்கிவிட்டு, முழுப் பட்டியலையும் மறுபடி இழுத்தேன். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எதையும் எண்ணாக வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஐசி, தொலைபேசி, அஞ்சல் குறியீடு, வீட்டு எண் எல்லாம் சரம்தான், தரவுத்தளத்திலும் சரம்தான்.

செவ்வாய் இரவு

மாற்றியதைச் சோதிக்கையில், என் வேண்டுகோள்கள் சரியாகப் போகின்றனவா என்று பார்க்க சர்வரின் அணுகல் பதிவைத் திறந்தேன். என்னுடையது அல்லாத வரிகள் நிறைய இருந்தன.

பட்டியல் முகவரியை வேறு வேறு இடங்களிலிருந்து யாரோ கேட்டிருந்தார்கள், ஆண்டை மாற்றி மாற்றி. அந்த முகவரிக்குப் பூட்டே கிடையாது. முகவரி தெரிந்த எவரும் அத்தனை பேரின் பெயர், ஐசி, தொலைபேசி, வீட்டு எண்ணைப் படிக்கலாம். மூன்று வருடமாக என் பொறுப்பில் இருந்த தளம். என் கோயில் கணினியைத் தவிர வேறு யார் அதைக் கேட்கப்போகிறார்கள் என்று எண்ணி, நான் அதைத் தொடவே இல்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கும் கீழே இன்னொரு வரி: வங்கிச் சீட்டுப் படங்கள் வைக்கும் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி கோப்புக்கு போஸ்ட் வேண்டுகோள்கள், அதாவது தரவை அனுப்பும் வேண்டுகோள்கள். படங்கள் இருக்கும் இடத்தில் பிஎச்பி கோப்புக்கு என்ன வேலை? திறந்தால், வெளியிலிருந்து வரும் குறிமுறையைப் பிரித்து அப்படியே இயக்கும் ஒரே ஒரு வரி. யார் எதை அனுப்பினாலும் சர்வர் செய்துமுடிக்கும் பின்வாசல்.

கூகலில் எங்கள் தளத்தின் பக்கங்களை மட்டும் தேடிப் பார்த்தேன். கோயில் பெயருக்குக் கீழே ஸ்லாட் சூதாட்ட விளம்பரம். தளத்தை நேரே திறந்தால் அம்மன் படம்தான் வரும். கர்ல் கட்டளையில் என்னைக் கூகலின் தேடல் நிரலான கூகல்பாட் என்று அறிவித்துக்கொண்டு கேட்டபோதுதான் அந்த இன்னொரு முகம் தெரிந்தது. தேடுபொறிக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

ஆத்திரத்தில் உடனே அழிக்கத் தோன்றும். அழிக்கவில்லை. முதலில் சர்வர் விதிகளை எழுதும் எச்டி ஆக்சஸ் கோப்பில், என் முகவரி தவிர மற்றவர்களுக்குப் பராமரிப்புப் பக்கம் மட்டும் தெரியும்படி செய்தேன். கோப்புகள், தரவுத்தளம், பதிவுகள் அனைத்தையும் அப்படியே பிரதி எடுத்தேன். பிறகு என்னிடம் நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் இருந்த சுத்தமான பிரதியோடு ஒவ்வொரு கோப்பாக ஒப்பிட்டேன். கோப்பின் திருத்திய தேதியை நம்பித் தேடக்கூடாது. பின்வாசல் வைப்பவர்கள் தேதியைப் பழையதாக மாற்றிவிடுவார்கள். நான்கு இடம் அகப்பட்டது. படங்களுக்குள் அந்தப் பின்வாசல், வடிவமைப்பு ஃபோல்டரில் அதன் நகல், ஐகான் கோப்பு போலப் பெயர் வைத்த ஒரு பிஎச்பி, முகப்புக் கோப்பின் முதல் வரியில் அதை உள்ளே இழுக்கும் கட்டளை.

நான்கையும் நீக்கிவிட்டு விடியற்காலை படுத்தேன். புதன் காலை பார்த்தால் முகப்புக் கோப்பில் அதே வரி மீண்டும் இருக்கிறது.

இப்படித் திரும்பி வந்தால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானைப் பார்க்கவேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையில் நாங்கள் வைத்தது ஒரே ஒரு காப்புப்பிரதிப் பணி. இப்போது இரண்டு இருந்தன. இரண்டாவது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து கோப்பை இறக்கி அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கிய பிறகுதான் மீதி நீக்கம் நிலைத்தது. ஹோஸ்டிங், எஃப்டிபி, தரவுத்தளம், நிர்வாகி எல்லாவற்றின் பாஸ்வர்டையும் மாற்றினேன். நிர்வாகி பாஸ்வர்டையே பொருளாளர் தன் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தார். அதையும் உட்கார்ந்து மாற்ற வைத்தேன்.

எப்படி நுழைந்தார்கள்? பழைய பதிவில் தெளிவாகவே இருந்தது: வங்கிச் சீட்டு ஏற்றும் படிவத்துக்கு ஒரு போஸ்ட், மூன்று நொடி கழித்து அதே முகவரியிலிருந்து அந்தப் பிஎச்பி கோப்பைக் கேட்கும் வேண்டுகோள். படிவம், கோப்பு படமா என்று பார்த்தது உண்மை. ஆனால் பிரௌசர் சொல்லும் வகையைத்தான் பார்த்தது. பிரௌசர் என்ன சொல்லவேண்டும் என்பது அனுப்புகிறவர் கையில்.

இப்போது கோப்பின் உள்ளடக்கத்தை ஃபைன்ஃபோ படித்து வகை சொல்கிறது. அதோடு விடாமல், ஜிடி நூலகத்தால் படத்தைத் திறந்து புதிதாக வரைந்து சேமிக்கிறேன். படத்துக்குள் ஒளித்த குறிமுறை அதில் பெரும்பாலும் உதிர்ந்துபோகும். பெயர், தற்செயல் பைட்டுகள் தரும் ராண்டம் பைட்ஸிலிருந்து நான் வைப்பது, பெயரின் வாலில் வரும் கோப்பு வகையும் நான் வைப்பது. வைக்கும் இடம் பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே. பார்க்கவேண்டிய நிர்வாகிக்கு ஒரு நிரல் எடுத்துக் காட்டும். பழைய ஃபோல்டரில் எந்தப் பிஎச்பியும் இயங்காதபடி எச்டி ஆக்சஸில் தடுத்தேன்.

பட்டியலில், கேட்பவர் தரும் ஆண்டு மதிப்பைத் தரவுத்தள வினவலோடு நேரே ஒட்டியிருந்த வரி ஒன்றும் அகப்பட்டது. ஆண்டுக்குப் பதில் வேறு எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை) எழுதினால் அதுவும் ஓடும். தளம் முழுக்கத் தேடி, அப்படி ஒட்டிய பதினொரு இடங்களையும் மதிப்பைத் தனியே அனுப்பும் தயார்நிலை வினவலாக மாற்றினேன்.

வியாழன், வெள்ளி

வியாழன் இரவு செயற்குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். திருவிழா நேரம், ஆட்கள் பயந்துவிடுவார்கள், பிறகு சொல்லலாம் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் அக்கறை இருந்தது. தலைவர் பழைய தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர்; தொழிலாளர் பேரேடான செக்ரோல் பிடித்தவர். "ஆளுங்க நம்மள நம்பிக் கொடுத்த நம்பரு. காணாமப் போச்சுன்னா அவங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. வணிகப் பரிவர்த்தனைகளுக்கான சட்டம் அது. ஆனால் பால்குடத்துக்குப் பெயர் கொடுக்க வந்த அம்மா சட்டத்தை நினைத்துக்கொண்டா ஐசி எண்ணை எழுதினார்? கோயிலை நினைத்துத்தான் எழுதினார்.

வெள்ளி பூசை முடிந்து மைக்கில் நானே சொன்னேன். என்ன வெளியே போயிருக்கலாம், எந்தெந்த ஆண்டுப் பதிவுகள், வங்கியிலிருந்தோ போலீசிலிருந்தோ பேசுவதாக யாராவது ஐசி எண்ணைச் சரியாகச் சொல்லி மிரட்டினாலும் நம்பவேண்டாம், பணம் ஏமாந்தால் உடனே 997-க்கு அழையுங்கள் என்று. அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். ஒரு பாட்டி படியில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "என் பேர்ல யாரும் கடன் வாங்கிருவாங்களா தம்பி?" ஐசி எண் மட்டும் வைத்துக்கொண்டு அது எளிதல்ல, ஆனால் முயற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியாத கடிதம் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவாருங்கள் என்றேன். அவருடைய பேத்தியின் எண்ணை என் போனில் பதிந்துகொண்டேன்.

அன்றிரவே ஐசி நெடுவரிசையைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கினேன். பால்குடத்துக்கு ஐசி எதற்கு? ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்தறிய என்று பழைய கூட்டக் குறிப்பில் இருந்தது. அதற்கு வரிசை எண் போதும். கல்வி நிதிக்கு வேண்டுமென்றால் தாளில் வாங்கி, பீரோவில் பூட்டிக்கொள்ளலாம். இல்லாத எண்ணை யாரும் திருட முடியாது.

சனி, ஞாயிறு

பட்டியலுக்குப் பூட்டு போடும் வேலை. முகவரியின் வாலில் ஒரு சாவிச் சொல்லை வைப்பது எளிது, ஆனால் முகவரிகள் எல்லாப் பதிவுக் கோப்பிலும் எழுதப்படும். சாவியும் அங்கே கிடக்கும். எச்மேக் கையெழுத்து வைத்தேன், அதாவது இரகசியம் தெரிந்தவர் மட்டும் கணக்கிடக்கூடிய குறி. 32 பைட் இரகசியம் ஒன்று, இரண்டு பக்கமும் பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே. கோயில் கணினி, அந்த நேரத்தையும் கேட்கும் முகவரியையும் சேர்த்து ஷா-256 என்ற கணக்குமுறையால் கையெழுத்திட்டு, வேண்டுகோளின் தலைப்பில் அனுப்பும். தளம் அதே கணக்கைப் போட்டு ஹாஷ் ஈக்வல்ஸால் ஒப்பிடும். நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் மறுக்கும். பழைய வேண்டுகோளைப் பிடித்துவைத்து மறுபடி அனுப்ப முடியாது.

வீட்டுக் கணினியில் ஓடியது. கோயிலில் ஓடவில்லை. கையெழுத்துத் தவறு என்று மறுப்பு. இரகசியத்தை மூன்றுமுறை சரிபார்த்தேன், கோப்பின் கடைசியில் புதுவரிக் குறி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தேன். அரைமணி நேரம் அதில் போயிற்று. அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டது: வாங்கும் நிரலில் சான்றிதழ்ச் சரிபார்ப்பு அணைக்கப்பட்டிருந்தது. எக்ஸாம்பில் கர்ல், உள்ளூர் வழங்குநர் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று முதலில் பலரிடமும் புகார் சொல்லும். பலரும் சரிபார்ப்பையே அணைத்துவிடுவார்கள். அணைத்தால் எச்டிடிபிஎஸ் பெயருக்குத்தான். நடுவில் நிற்பவர் எவரும் தளம் போல வேடம் போடலாம். சான்றிதழ் மூட்டைக் கோப்பை இறக்கி, அமைப்புக் கோப்பில் அதன் இடத்தைக் காட்டி, சரிபார்ப்பைத் திரும்பப் போட்டேன். உடனே புதிய பிழை: சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை.

இன்னும் வரவில்லையா? திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். 2015. தாய்ப்பலகை பாட்டரி செத்திருந்தது, விண்டோஸ் நேரத்தைத் தானாகச் சரிசெய்வதும் அணைந்திருந்தது. கையெழுத்துத் தவறியதும் அதனால்தான். என் மறுப்புச் செய்தி நேரத்தையும் கையெழுத்தையும் பிரித்துச் சொல்லவில்லை. நேரத்தைச் சரிசெய்ததும் இரண்டும் தீர்ந்தன. ரசீதுகளில் தேதி தளத்திலிருந்து வருவதால் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. செய்தியைப் பிரித்தேன். கடைசியாக இழுத்த தேதியைவிடக் கணினியின் தேதி பின்தங்கியிருந்தால், எதையும் தொடுவதற்குமுன் அதைச் சொல்லும்படியும் எழுதினேன். பாட்டரி வாங்க அன்று கடை திறந்திருக்கவில்லை.

ஞாயிறு முழுக்கப் பிஎச்பியை மேம்படுத்தியது. தளம் 7.4-இல் இருந்தது, 2022 நவம்பர் 28-க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தமே கிடையாது. 8.3-க்கு மாற்றியதும் பதிவுப் பக்கம் 500, அதாவது சர்வர் பிழை. 8.1 முதல், தரவுத்தளத்தோடு பேசும் மைஎஸ்கியூஎல்ஐ நீட்சி, பிழை என்றால் சும்மா விடாமல் விதிவிலக்கை எறியும். எப்போதோ நீக்கிய ஒரு அட்டவணைக்கு எழுத முயன்று, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்த வினவல் ஒன்று இப்போதுதான் வாய் திறந்தது. நீக்கினேன். பிறகு பட்டியல் உடைந்தது: அறிவிக்கப்படாத மாறி ஒன்றுக்கான எச்சரிக்கை, எச்டிஎம்எல் குறிகளோடு ஜேசனின் தலையில் அச்சாகியிருந்தது. பிழையைத் திரையில் காட்டுவதை அணைத்து, கோப்பில் பதியச் செய்து, அந்த எச்சரிக்கையின் காரணத்தையும் திருத்தினேன். இரவு பதினொன்றுக்குத் தளம் மறுபடி எல்லாருக்கும் திறந்தது.

திருவிழாவுக்கு முந்திய நாள்

வியாழன் மாலை. கணினியை அலுவலகத்திலிருந்து பந்தலுக்கு மாற்றினார்கள். எனக்கு வேலை முடிய ஏழு மணி. பையில் சிஆர்2032 பாட்டரி இருந்தது, வழியில் மாற்றிவிடலாம் என்றிருந்தேன். ஆறரைக்கே பொருளாளர் அழைத்தார்.

"தம்பி, மெஷின கழட்டி மாட்டுனோம். 'இந்தக் கணினியின் தேதி தவறு, 2015 என்று காட்டுகிறது, சரிசெய்த பிறகு இழுக்கவும்'னு வந்துச்சு."

"இருங்கண்ணே, நான் வந்து..."

"நேரத்த நானே மாத்திட்டேன். 231 பேரும் வந்துட்டாங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."